அகிடா நாய்: கரடிக் காட்டிலிருந்து ரயில் நிலைய வாசல் வரை

கேள்வி: அகிடா நாய் ஜப்பானிய அரச மரபினர் வளர்த்த இனம் என்கிறார்களே, உண்மையா?

பதில்: இதன் பூர்விகம் அரண்மனை அல்ல, மலைக்காடு. ஜப்பானின் ஹொன்ஷு தீவின் வடபகுதியில், இன்றைய அகிடா மாவட்டத்தின் பனிமலைகளில் மடாகி எனப்பட்ட வேட்டைக்காரர்கள் கரடி வேட்டைக்கு வைத்திருந்த நடுத்தர உயர நாய்களே இதன் மூதாதையர். பின்னர் ஓடாடே நகர்ப் பக்கம் நாய்ச்சண்டை மோகம் பெருகியபோது, உடற்கட்டு வேண்டித் தோசா என்னும் ஜப்பானியச் சண்டைநாயையும் மாஸ்டிஃப் என்னும் மேலைநாட்டுப் பெருநாய் வகைகளையும் இவற்றோடு கலந்தார்கள். நாய் பெருத்தது, நிமிர்ந்த காதும் சுருண்ட வாலும் போய்க்கொண்டிருந்தன. 1927இல் அந்நகரத் தலைவரின் முயற்சியால் அகிடா நாய்ப் பாதுகாப்புச் சங்கம் உருவானது; 1931இல் அரசு இந்த இனத்தை இயற்கைச் சின்னமாக அறிவித்தது.

கேள்வி: இறந்துபோன எஜமானருக்காக ரயில் நிலையத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததாகப் புகழ்பெற்ற ஹச்சிகோ என்னும் அகிடா, உண்மையில் அவருக்காக அல்ல, யாகிடோரி என்னும் குச்சியில் சுட்ட கோழி இறைச்சிக்காகவே அங்கே வந்தது என்று படித்தேன். அதன் புகழே பொய்யா?

பதில்: 1935 மார்ச் 8 அன்று ஹச்சிகோ இறந்தபின் அதன் வயிற்றில் யாகிடோரிக் குச்சிகள் இருந்தன என்பது உண்மைதான். ஆயினும் அவை உயிரைப் பறிக்கவில்லை. பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த உறுப்புகளை டோக்கியோ பல்கலைக்கழகத்தினர் மறுபடி ஆராய்ந்தபோது, இதயத்திலும் நுரையீரலிலும் புற்றுநோய் பரவியிருந்தது 2011இல் தெரியவந்தது. ஹச்சிகோவின் எஜமானரான பேராசிரியர் உவேனோ 1925 மே மாதம் இறந்தார். ஹச்சிகோவைப் பற்றிய செய்தி நாளிதழில் வந்து நாடே அறிந்தது 1932இல். இடைப்பட்ட ஏழாண்டுகள் டோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்தில் அது பெரும்பாலும் விரட்டப்படும் நாயாகவே இருந்தது. தீனி ஓரளவு ஈர்த்திருக்கலாம். ஆனால் அடிபட்டும் வந்துகொண்டிருந்த நாயைத் தின்பண்டத்தை மட்டும் சொல்லி விளக்குவது எனக்குச் சரியாகப்படவில்லை.

1934இல் நிறுவப்பட்ட வெண்கலச் சிலையின் திறப்பு விழாவுக்கு ஹச்சிகோவே வந்திருந்தது. அந்தச் சிலை போர்க்காலத்தில் உருக்கப்பட்டுவிட, முதற்சிற்பியின் மகன் வடித்த சிலைதான் 1948 முதல் அங்கே இருக்கிறது. அதன் இடக்காதைக் கவனியுங்கள், மடிந்து தொங்கும். காது விறைத்து நிற்க வேண்டும் என்பது அகிடாவின் தர விதி. உலகம் அறிந்த அகிடாவோ அந்த விதிக்கு அடங்கவில்லை!

கேள்வி: படங்களில் கரடி முகத்தோடும் நரி முகத்தோடும் இருவகை அகிடாக்கள் தென்படுகின்றனவே?

பதில்: இரண்டாம் உலகப்போரே காரணம். நாய்த்தோல் படையினரின் உடைக்குத் தேவைப்பட்டதால், ராணுவப் பணிக்குரிய ஜெர்மன் ஷெப்பர்ட் தவிர மற்ற நாய்களைப் பிடித்துச் செல்ல ஆணையிடப்பட்டது; தம் நாயைக் காப்பாற்றச் சிலர் அதை ஷெப்பர்டோடு கலந்தனர். போருக்குப்பின் அமெரிக்கப் படையினர் விரும்பிக் கொண்டுபோனது கலப்பின் சாயல் மிகுந்த, கரடி முகம் கொண்ட பருத்த நாய்களை. ஜப்பானியரோ அச்சாயலைத் தலைமுறை தலைமுறையாகக் களைந்து நரி முகம் கொண்ட பழைய வடிவத்தை மீட்டனர். பன்னாட்டு நாய்க் கூட்டமைப்பு 1999இல் இரண்டையும் தனித்தனி இனங்களாகப் பிரித்தது. முகத்தில் கருமுகமூடி போன்ற நிறம் இருந்தால் அது அமெரிக்க வகை. ஜப்பானிய வகைக்கு அது குறையாகக் கருதப்படும்.

கேள்வி: இணையக் கேலிப்படங்களில் ஓரக்கண்ணால் பார்க்கும் நாயும் அகிடாதானே?

பதில்: இல்லை. 2024 மே மாதம் இறந்த கபோசு என்னும் அந்த நாய் ஷிபா என்னும் சிறிய ஜப்பானிய இனம். ஆண் ஷிபாவின் உயரம் ஏறத்தாழ 40 செ.மீ.; ஆண் அகிடாவின் உயரம் 67 செ.மீ.