நாலு வயது மகனுக்குக் காய்ச்சல், தடிமன்: கைமருந்து போதுமா?

உப்புவெளியில் இருந்து கேட்ட தங்கச்சிக்கு: நாலு வயது மகனுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சலும் இருமலும், மாமியார் ஆவி பிடிக்கச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள்.

ஆவி வேண்டாம். என் மூத்தவன் சட்டியைத் தட்டிவிட்டுத் தொடையில் வாங்கிய தழும்பு இன்னும் இருக்கிறது.

மல்லித் தண்ணி கொடுங்கள். மல்லியைக் கொஞ்சம் வறுத்து, இஞ்சித் துண்டு போட்டு அவித்து, வெதுவெதுப்பாக வடித்து வாய் வாயாகக் கொடுக்கலாம். இருமலுக்குப் படுக்கப்போகும்போது ஒரு தேக்கரண்டி தேன். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தேன் கூடவே கூடாது. சோறு இறங்காவிட்டால் பரவாயில்லை, கஞ்சி, இளநீர் போனால் சரி.

இதெல்லாம் உடம்புக்கு இதம்தான், காய்ச்சலுக்குப் பரசிற்றமோல். கிலோவுக்கு 15 மி.கி., ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம். 16 கிலோ என்றால் 240 மி.கி. போத்தலில் எத்தனை மி.லீ.க்கு எத்தனை மி.கி. என்று போட்டிருப்பதைப் பார்த்து ஊற்றுங்கள். அஸ்பிரின், இபுபுரோபன் பக்கமே போகாதீர்கள்.

ஏனென்றால் இது மாரிகாலம், டெங்குவாகவும் இருக்கலாம்; டெங்கு என்றால் அந்த மருந்துகள் இரத்தக்கசிவைக் கூட்டிவிடும். 2017இல் நம் திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவில் டெங்கு ஆடிய ஆட்டம் நமக்கு மறக்காது, ஆரம்பத்தில் அதுவும் வெறும் காய்ச்சல்தான். நாளைக்கும் காய்ச்சல் இருந்தால் இரத்தம் சோதியுங்கள். அதுவரை சிவப்புக் குடிவகை கொடுக்காதீர்கள், வாந்தியில் இரத்தமா என்று தெரியாமல் போகும். மூச்சிழுப்பு, வயிற்றுநோ, தொடர் வாந்தி, சலம் குறைவது, சோர்ந்து கிடப்பது, இதில் ஒன்று கண்டாலும் இரவென்று பார்க்காமல் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். காய்ச்சல் விட்ட பிறகும் அப்படித்தான்.