குளிர், சூடு, மக்னீசியம்: பக்டீரியாவின் ரைபோசோம் ஆர்என்ஏ எப்படி மாறும்?

நுவரெலியாவின் குளிர்ந்த தேயிலை மண்ணிலும் 60 பாகை தாண்டும் கூட்டுப்பசளைக் குவியலிலும் வாழும் பக்டீரியாக்களின் ரைபோசோம் ஆர்என்ஏ ஒரே மாதிரியா என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. ரைபோசோம் என்பது கலத்தில் புரதம் செய்யும் பொறி; அதில் இருக்கும் ஆர்என்ஏ, தன்மேலேயே மடிந்து உருவம் பெறும் ஒரு நீண்ட இழை.

மொத்த மடிப்பு ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் அதன் இரட்டை இழைத் தண்டுகளில், அதாவது இழை மடிந்து தன்னோடே இணைசேரும் பகுதிகளில், இருக்கிறது. ஆர்என்ஏயின் எழுத்துகள் போன்ற ஜி, சி, ஏ, யு என்ற நான்கு மூலங்களே இங்கு இணைசேர்கின்றன: ஜி-சி இணையில் மூன்று ஐதரசன் பிணைப்புகள், ஏ-யு இணையில் இரண்டு. அதனால் சூட்டில் வாழும் இனங்களின் தண்டுகளில் ஜி-சி அதிகம். முழு மரபணுத்தொகுதியில் இந்தத் தொடர்பு தெரிவதில்லை, தண்டுகளில்தான் தெளிவாகத் தெரிகிறது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. ஆனால் இது பல தலைமுறைகளில் வந்த மாற்றம். ஒரே இரவுக் குளிரில் வராது.

திடீர்க் குளிரில் சிக்கல் வேறு: ஆர்என்ஏ தவறாக மடிந்து அப்படியே இறுகிவிடும். ஈ.கோலை என்ற பக்டீரியா அப்போது சிஎஸ்டிஏ என்ற நொதியைக் கூடுதலாக உண்டாக்கும். அது இழைகளைப் பிரித்து, ரைபோசோமின் இரு பகுதிகளில் பெரியதான பெரிய துணையலகு சரியாக அமைய உதவும்.

அப்புறம் மக்னீசியம். ஆர்என்ஏயின் எதிர்மின்னேற்றங்கள் ஒன்றையொன்று தள்ளாமல் அடக்குவது அதுதான். சோதனைக் குழாயில் மக்னீசியத்தைக் குறைத்தால் முழு ரைபோசோம் (70எஸ்) பெரிய துணையலகு (50எஸ்), சிறிய துணையலகு (30எஸ்) என்று பிரியும்; எஸ் என்பது மையவிலக்கியில் படியும் வேகத்தின் அலகு, அதனால் எண்கள் நேராகக் கூட்டப்படாது. தோட்டங்களில் போடும் டொலமைட்டிலும் மக்னீசியம் உண்டு. ஆனால் மண்ணில் அது குறைந்தவுடனே ரைபோசோம் குலைந்துவிடாது, கலம் தன் உள்ளளவைக் காத்துக்கொள்ளும்.