மரச்சட்ட வீட்டில் ஈரம்: சிமென்ட் பூசலாமா?

இங்கிலாந்தின் சஃபோக் பகுதிக் கிராமத்தில் வாங்கிய பழைய ஓக் மரச்சட்ட வீட்டில் கட்டைகளின் ஓரம் விரிசல், சுவரடியில் ஈரம், கொத்தனார் சிமென்ட் பூசச் சொல்கிறார் என்று கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம்.

இத்தகைய வீடுகளில் கட்டைகளுக்கு நடுவே பெரும்பாலும் குச்சிகளைப் பின்னி, களிமண், வைக்கோல், சாணம் குழைத்து அப்பியிருப்பார்கள். மேலே சுண்ணாம்புப் பூச்சு. பச்சை மரத்தையே அறுத்துக் கோத்ததால் காயக் காய முறுக்கிக்கொள்ளும். சுண்ணாம்பு அந்த அசைவுக்கு ஓரளவு ஈடுகொடுக்கும், ஈரத்தையும் வெளியே விடும். சிமென்ட்டோ விறைத்து நின்று வெடிக்கும். மயிரிழை விரிசலில் புகுந்த மழைநீர் உள்ளேயே தங்கி, கிடைமட்ட அடிக்கட்டையை உளுத்துப்போகச் செய்யும். அந்தக் கட்டையைப் பேனாக்கத்தியால் குத்திப் பாருங்கள். கத்தி சுலபமாக இறங்கினால் முதலில் தச்சரைக் கூப்பிடுங்கள். வெளியே மண் மேடேறிக் கட்டையைத் தொட்டால், வெட்டி இறக்குங்கள்.

வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் உள்ளதா என்றும் பாருங்கள். இருந்தால், அனுமதியின்றி அதன் தன்மையை மாற்றுவது கிரிமினல் குற்றம்.

அப்புறம், கட்டைகளில் உள்ள காலித் துளைகளைக் காட்டி 'கப்பல் மரம்', அதாவது பழைய கப்பலை உடைத்தெடுத்த மரம் என்றார்களாமே? ஊருக்கு ஊர் சொல்லும் கதைதான். பெரும்பாலும் வேறொரு கட்டடத்தைப் பிரித்தெடுத்த மரமாகவோ, இதே வீட்டில் முன்பு பொருத்தியிருந்த கட்டையை எடுத்துவிட்ட இடமாகவோ இருக்கும்.