கல்லூரி வகுப்பில் மாணவர்களைப் பங்கேற்க வைக்க எந்தச் செயலி சிறந்தது?

புதிதாகப் பாடம் நடத்த வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கேள்வி கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை, அதுதானே கஷ்டம்? மென்டிமீட்டர், கஹூட், பேட்லெட் எதை எடுத்தாலும் வேலை நடக்கும். அதில் என்ன கேள்வி போடுகிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சிங்கப்பூரில் ஒரு பலதுறைத் தொழிற்கல்லூரியில் பல ஆண்டுகளாக மின்பொறியியல் நடத்துகிறேன். 2020 ஏப்ரலில் கொரோனா முடக்கம் (இங்கே அதற்குச் சர்க்கிட் பிரேக்கர் என்று பேர்) வந்து வீட்டிலிருந்தே பாடம் என்றானதும் நானும் கஹூட்டில் இறங்கினேன். மின்தடையின் அலகு என்ன என்பது மாதிரிக் கேள்விகள். இசை ஓடும், புள்ளி ஏறும், பிள்ளைகள் குஷியாக இருப்பார்கள். தேர்வில் பாதிப் பேர் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டும் சாதாரணத் தொடர்ச் சுற்றிலேயே சறுக்கினார்கள். அவர்களுடைய மனப்பாடத்தைத்தான் அதுவரை சோதித்திருக்கிறேன்.

அப்புறம்தான் ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1991இல் தொடங்கிய முறையைப் படித்தேன். முதலில் ஒவ்வொருவரும் தனியாகப் பதில் போட வேண்டும். சரியான பதில் சுமார் 30 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருந்தால் ஆசிரியர் விளக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவரோடு வாதாடவிட்டு மறுபடி வாக்கெடுக்க வேண்டும்.

நேரடி வகுப்பு திரும்பியதும் ஒரே மாதிரியான மூன்று பல்புகளைத் தொடராக மாட்டிய படத்தைப் போட்டேன். எது பிரகாசமாக எரியும்? 24 பேரில் 15 பேர் முதல் பல்பு என்றார்கள். பேர் போடாமல் எழுதத் திறந்து வைத்திருந்த பேட்லெட்டில் ஒரு வரி வந்தது: "முதல் பல்பே கரண்டைச் சாப்பிட்டுவிட்டால் மூன்றாவதற்கு என்ன மிஞ்சும்?" அத்தனை ஆண்டுகளில் ஒருவர்கூடக் கையைத் தூக்கி இதைக் கேட்டதில்லை. எல்லாருக்கும் பைசே, அதாவது கூச்சம். பிள்ளைகள் வாதாடி முடித்ததும் பல்புகளையே கையில் கொடுத்தேன். பின்வரிசை மாணவி ஒருத்தி ஒவ்வோர் இடமாக வயரைக் கழற்றி, நடுவே மின்னோட்டத்தை அளக்க மல்டிமீட்டரை மாட்டிப் பார்த்தாள். 0.21, 0.21, 0.21 ஆம்பியர். "சார், குறையவே இல்லையே!" என்றாள். செலவாவது ஆற்றல், மின்னோட்டம் இல்லை, அதனால் மூன்று பல்பும் ஒரே மாதிரிதான் எரியும் என்பதை அதற்குப் பிறகு ஒரே நிமிடத்தில் சொல்ல முடிந்தது.

நான் தொழில்நுட்பத்துக்கு எதிரி என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பேர் கேட்காத அந்தப் பெட்டி இல்லாமல் அந்தக் கேள்வி வந்திருக்காது. சின்ன வகுப்பில் மட்டும்தான் நடக்கும் என்பவர்களுக்கு: மஸூர் இதைச் செய்ததே பெரிய விரிவுரை வகுப்பில்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த மாணவி ஐடிஇ என்னும் தொழிற்பயிற்சிக் கழகத்தில் முடித்து வந்தவள். கல்யாண வீட்டில் "பாலியா? ஜேசி கிடைக்கலையா?" (பாலி என்றால் எங்களுடையது போன்ற பலதுறைத் தொழிற்கல்லூரி, ஜேசி என்றால் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஜூனியர் காலேஜ்) என்று பிள்ளையின் முகத்துக்கு நேரே கேட்கிறார்களே நம் ஆட்கள், அது எனக்குப் பொறுக்கவே மாட்டேன் என்கிறது. அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை வகுப்பில் எப்படிச் சந்தேகம் கேட்கும்?

உங்கள் பாடம் எது என்று எழுதுங்கள். அதில் மாணவர்கள் தப்பாக நம்பும் ஒன்றைப் பிடித்துக் கேள்வியாக்கப் பார்க்கலாம்.