பத்துக் கோயில், ஒரு பகல்

அன்புள்ள ஐயா,

டிசம்பர் முதல் வாரம் குடும்பத்தோடு குமரி மாவட்டம் வருகிறோம். கையில் ஒரு பகல்தான். பழைய சர்ச்சுகள் பத்தாவது பார்த்துவிட ஆசை. இருப்பதிலேயே பழையது எது? எந்த வரிசையில் போகலாம்? நல்ல லாட்ஜ் ஒன்றும் சொன்னால் உதவி.

ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

லாட்ஜ் சொல்ல நான் ஆளில்லை. நாகர்கோவிலில் தங்குங்கள், எல்லாப் பக்கமும் போக அதுதான் வசதி.

பத்து சர்ச் ஒரு பகலில் முடியும், வாசலில் நின்று படம் எடுத்துவிட்டு ஓடுவதானால். பிள்ளைகளை ஏன் இப்படி வெயிலில் வதைக்கிறீர்கள்?

'பழையது எது' என்ற கேள்விதான் ஆளைக் கெடுக்கிறது. திருவிதாங்கோடு அரப்பள்ளி என்ற ஆலயத்தை கி.பி. 63இல் இயேசுவின் சீடர் தோமா நிறுவினார் என்பது மரபு. மரபின் வயது வேறு, இன்று நிற்கும் கருங்கல் சுவரின் வயது வேறு. சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபை இங்கே வேர்விட்டதைப் பார்க்க மயிலாடி போகவேண்டும். மிஷனரி ரிங்கல்தௌபே காலத்தில், 1809இல் அங்கே ஆலயம் எழுந்தது. நாகர்கோவில் ஹோம் சர்ச்சுக்கு அடிக்கல் 1819இல். எதை எதோடு வைத்து வயது பார்ப்பீர்கள்?

கட்டிடத்தை விடுங்கள். ஒரே ஒரு ஆளின் தடத்தைப் பிடித்துப் போங்கள். கிறிஸ்தவரானதற்காகக் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளை 1712இல் நட்டாலத்தில் பிறந்தார். காலையில் அங்கே தொடங்குங்கள். அடுத்து புலியூர்க்குறிச்சி. அவர் முட்டியதும் தண்ணீர் சுரந்ததாகச் சொல்லும் முட்டிடிச்சான் பாறை அங்கேதான். பக்கத்திலேயே உதயகிரிக் கோட்டை. அவருக்கு வேதம் சொன்ன டச்சுத் தளபதி டிலனாயின் கல்லறை, கூரையில்லாத ஒரு சிற்றாலயத்துக்குள் இருக்கிறது. 1741இல் குளச்சலில் தோற்றுப் பிடிபட்டு, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையையே பழக்கியவர், 1777இல் இறந்தார்.

அந்தக் கல்லை அவசரமாகப் பார்க்காதீர்கள். லத்தீனிலும் தமிழிலும் எழுத்து இருக்கிறது. லத்தீன் வாசகம் 'வழிப்போக்கனே, நில்' என்றுதான் தொடங்குகிறது. உச்சிவெயிலில் போனால் ஒன்றும் தெரியாது. வெளிச்சம் நேர் மேலிருந்து விழுந்தால் எழுத்தின் பள்ளத்தில் நிழல் தங்காது. கேமரா ஃபிளாஷை நேராக அடித்தாலும் இதே கதைதான். காலைச் சாய்வெயிலில் பாருங்கள். இல்லையென்றால் செல்போன் டார்ச்சைக் கல்லோடு ஒட்டி, பக்கவாட்டிலிருந்து அடியுங்கள்; ஒவ்வொரு எழுத்தாக எழுந்து வரும். சாக்பீஸ் தேய்க்காதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள். கல்லின் நுண்துளையில் ஏறிய எண்ணெய் இறங்காது. அதில் தூசி படிந்து எழுத்து மூடிப்போகும். படித்தவர்கள்தான் இந்த வேலையைச் செய்கிறார்கள்.

பத்மநாபபுரம் அரண்மனையும் அருகில்தான், திங்களன்று மூடியிருக்கும்.

மதியத்துக்குமேல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலை. 1752 ஜனவரி 14 அன்று தேவசகாயத்தைச் சுட்டுக்கொன்ற இடம். மணியடிச்சான் பாறையைச் சிறு கல்லால் மெல்லத் தட்டினாலே வெண்கலம்போல ஒலிக்கும், பலம் காட்ட வேண்டாம். செருப்பு நல்லதாக இருக்கட்டும், பாறையில் வழுக்கும்.

கடைசியாகக் கோட்டாறு சவேரியார் பேராலயம். தேவசகாயத்தின் உடல் அடக்கமானது அங்கேதான். 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்டபின் கல்லறையருகே எந்நேரமும் யாராவது முழங்காலில் இருப்பார்கள். அவர்கள் முகத்துக்கு நேரே செல்போனை நீட்டாதீர்கள். பூசை நடந்தால் வெளியே நின்று, முடிந்தபின் நுழையுங்கள்.

டிசம்பர் முதல் வாரம் என்றீர்களே, இப்போதுதான் உறைக்கிறது. டிசம்பர் 3 சவேரியார் திருநாள், மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. காரைக் கோட்டாறு தெருவுக்குள் கொண்டு போகாதீர்கள், திரும்ப முடியாது. தேர் புறப்படும் இரவென்றால் மேலே சொன்ன வரிசையைக் கிழித்துப் போடுங்கள். ஒரு பொட்டலம் மிளகும் உப்பும் வாங்கிக்கொண்டு தெருவோரம் நில்லுங்கள், தேரின்மேல் வீசத்தான். தேருக்குப் பின்னால் கும்பிடு நமஸ்காரம் போட்டு வருகிறவர்களுக்கு மட்டும் வழி விடுங்கள்.