ராஜினாமா செய்துகொண்டே இருந்தவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சீனாவில் 1919 மே 4 அன்று மாணவர் போராட்டமாக வெடித்த மே நான்கு இயக்கத்தைப் பற்றிய உங்கள் கட்டுரையில் சாய் யுவான்பெய்யை 'நவீன சீனப் பல்கலைக்கழகத்தை உருவாக்கியவர்' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். பெயர் மனதில் நின்றதால் தேடிப் படித்தேன். எனக்குக் கிடைத்த மனிதர் வேறு மாதிரி இருக்கிறார். 1912இல் கல்வி அமைச்சர் பதவியை ஏழாவது மாதமே விட்டார். 1919இல் மாணவர் போராட்டம் சூடுபிடித்த நேரத்தில் பெய்ஜிங்கை விட்டே கிளம்பிவிட்டார். 1922, 1923 என்று ராஜினாமா தொடர்கிறது. எல்லாக் கருத்துக்கும் இடம் தர வேண்டும் என்றவர், 1927இல் கம்யூனிஸ்டுகளைக் களையெடுக்கத் துணைபோயிருக்கிறார். இவரையா பெரிய நிர்வாகி என்கிறீர்கள்?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

தகவல்கள் எல்லாம் சரி. உங்கள் பட்டியலில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஷாவ்ஷிங் ஊரில் பிறந்த சாய், 24 வயதிலேயே பேரரசின் மிக உயர்ந்த தேர்வில் தேறி, ஹான்லின் என்ற அரசவை அறிஞர் குழுவில் இடம்பெற்றவர். அதற்கு மேல் ஒரு படிப்பாளிக்குக் கௌரவம் கிடையாது. 1898இல் சீர்திருத்த முயற்சி நசுக்கப்பட்டதும் அதையும் உதறிவிட்டு, ஊருக்குப் போய்ப் பள்ளிக்கூடம் நடத்தினார். அப்புறம் ஷாங்காயில் அரசைக் கவிழ்க்க வெடிகுண்டு செய்யக் கற்றுக்கொண்ட காலமும் உண்டு! நாற்பதை நெருங்கும்போது ஜெர்மனிக்குப் போய், லைப்சிக் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களோடு உட்கார்ந்து தத்துவமும் உளவியலும் படித்தார்.

1917 ஜனவரியில் அவர் தலைவராகப் பொறுப்பேற்றபோது பீகிங் பல்கலைக்கழகம் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். அது அதிகாரிகளை உற்பத்தி செய்யும் இடம். பழைய நாட்களில் மணி அடித்ததும் வேலையாள் வந்து 'எஜமான், வகுப்புக்கு நேரமாகிவிட்டது' என்று மாணவரை அழைப்பானாம். பெய்ஜிங்கின் தாசித் தெருவுக்கு நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் இந்தப் பல்கலைக்கழகமும்தான் நல்ல வாடிக்கை என்று ஊரே கேலி பேசியது. சாய் வந்த முதல் நாள் வாசலில் ஊழியர்கள் வரிசையாகக் குனிந்து வணங்கினார்கள். அவர் தொப்பியைக் கழற்றிப் பதிலுக்குக் குனிந்தார். ஒரு தலைவர் அப்படிச் செய்து அவர்கள் பார்த்ததில்லை. சில நாள் கழித்துப் பேசிய உரையில், பதவியும் பணமும் தேடுகிறவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம், இது படிக்கும் இடம் என்றார்.

அவருடைய நிர்வாகத் திறமை எதில் இருந்தது என்று என்னைக் கேட்டால், ஆள் பிடிப்பதில் என்பேன். பின்னாளில் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான சென் தூஷியூவைக் கலைப்புல முதல்வராக்க, அவர் தங்கியிருந்த விடுதிக்கு மீண்டும் மீண்டும் போனார். சென் காலையில் நேரங்கழித்து எழுகிறவர். எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு முக்காலியைக் கேட்டு வாங்கி வாசலில் போட்டு உட்கார்ந்திருப்பார். பட்டமே இல்லாத 24 வயது லியாங் ஷூமிங்கை இந்தியத் தத்துவம் நடத்தக் கூப்பிட்டார். எனக்கு அவ்வளவு தெரியாதே என்று அந்தப் பையன் தயங்க, சேர்ந்து கற்றுக்கொள்வோம் என்று வந்துவிடுங்கள் என்றார். மக்கள் பேசும் பொதுமொழியிலேயே இலக்கியம் எழுத வேண்டும் என்று கொடி பிடித்த ஹூ ஷி ஒரு பக்கம். முடியாட்சி போன பிறகும் சடைப்பின்னலை வெட்டாமல் திரிந்த கு ஹொங்மிங் மறுபக்கம். நம் மக்களும் நிறையப் பேர் போய்ச் சேர்ந்த பினாங்கில் பிறந்து, ஐரோப்பாவில் படித்து, கடைசியில் மன்னருக்கு விசுவாசமாக நின்றவர் கு. அந்தக் கதையைத் தனியாக எழுத வேண்டும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் படித்திருக்க வேண்டிய ஒன்று, 1919 மார்ச்சில் சாய் எழுதிய பகிரங்கப் பதில் கடிதம். (வாசகர் கடிதத்துக்குப் பதில் எழுதிக்கொண்டு இதைச் சொல்வது வேடிக்கைதான்.) லின் ஷூ என்ற மூத்த எழுத்தாளர் அவருக்கு ஒரு திறந்த கடிதம் எழுதியிருந்தார். உங்கள் ஆட்கள் கன்பூசியஸை ஒழிக்கிறார்கள், வண்டி இழுப்பவனும் தெருவில் கூவி விற்பவனும் பேசும் பேச்சை இலக்கியம் என்கிறார்கள் என்று புகார். லின் ஷூ ஓர் ஐரோப்பிய மொழியும் தெரியாமல், பிறர் வாசித்துச் சொல்லச் சொல்ல அழகான பழஞ்சீன நடையில் நாவல்களை மொழிபெயர்த்துக் குவித்தவர்.

சாய் கோபப்படவில்லை. எங்கள் வகுப்பில் யார், எப்போது அப்படிக் கற்பித்தார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆசிரியர் வகுப்பில் என்ன நடத்துகிறார் என்பதற்குத்தான் நான் பொறுப்பு, வெளியே அவர் வைத்திருக்கும் கொள்கைக்குப் பல்கலைக்கழகம் பொறுப்பில்லை என்றார். சடை வைத்து மன்னராட்சி கேட்பவர் இங்கே ஆங்கில இலக்கியம் நடத்துகிறார், அரசியல் நடத்தவில்லையே, இருக்கட்டும். அப்புறம் மெல்ல ஒரு குத்து. தாசியின் காதலைச் சொல்லும் பிரெஞ்சு நாவலை நீங்கள் மொழிபெயர்த்தீர்கள். பள்ளிகளில் நீதிநெறியும் நடத்தியிருக்கிறீர்கள். அதை வைத்து, லின் ஷூ ஒழுக்கக்கேட்டைப் பாடமாக நடத்துகிறார் என்று ஒருவர் எழுதினால், அது சிரிக்கக்கூடத் தகுதியானதா?

இந்தக் கடிதம் வந்து ஏழு வாரத்தில் மே நான்கு. கைதான 32 மாணவர்களையும் வெளியே கொண்டுவர அலைந்தார். 7ஆம் தேதி விடுதலை. அதன் பிறகுதான் பதவியை விட்டு வண்டி ஏறினார். இந்த வரிசை முக்கியம். விட்டுப்போன குறிப்பில், களைத்துவிட்டேன் என்று சொல்லி ஒரு பழமொழியை எழுதினார்: 'உன் குதிரையைக் கொல்பவர்கள் வழியோரப் பிள்ளைகளே.' வழியில் நிற்பவர்கள் கைதட்டக் கைதட்ட, குதிரைக்காரன் இன்னும் வேகமாக ஓட்டி, கடைசியில் குதிரை செத்துப்போகிற கதை. குதிரை யார் என்று அன்றே ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். செப்டம்பரில் திரும்பி வந்தார்.

அவர் அரசோடு மட்டுமே மோதியதாக நினைக்க வேண்டாம். 1922இல் அச்சிட்ட பாடக் குறிப்புகளுக்குக் கட்டணம் என்றதும் மாணவர்கள் கூட்டமாக வந்து கூச்சல் போட்டார்கள். ஐம்பதைத் தாண்டிய, சத்தம் போட்டுப் பேசாத இந்த மனிதர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, தைரியம் இருந்தால் ஒவ்வொருவராக வாருங்கள், நேருக்கு நேர் சண்டை போடுவோம் என்று கத்தினாராம். கூட்டம் பின்வாங்கியது. அதற்கும் ஒரு ராஜினாமா உண்டு!

சம்பளமும் அதிகாரமும் அரசின் கையில் இருக்க, அவர் கையில் இருந்த ஒரே ஆயுதம் நாற்காலியைக் காலி செய்வதுதான். அதை ஓட்டம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

1927ஐ மட்டும் நான் தேய்த்து மழுப்பப் போவதில்லை. தேசியவாதக் கட்சியான கோமிந்தாங், கம்யூனிஸ்டுகளைக் களையெடுக்க நடத்திய 'கட்சிச் சுத்திகரிப்பு' நடவடிக்கைக்கு ஆதரவாக நின்ற மூத்தவர்களில் அவர் ஒருவர். அந்தக் களையெடுப்பில் ஏராளமானோர் கொல்லப்பட்டார்கள். வகுப்பறைக்குள் யாரையும் அனுமதித்தவர், தெருவில் நடந்த கொலைக்கு வாயைத் திறக்கவில்லை என்றால் அது குற்றம்தான்.

1932இல் சென் தூஷியூ கைதானபோது, அவரைக் காப்பாற்றச் சொல்லி அரசுக்குத் தந்தி அடித்தவர்களில் சாயும் இருந்தார். அதே ஆண்டு டிசம்பரில் சீனக் குடியரசின் முதல் தலைவர் சுன் யாட்-சென்னின் மனைவி சுங் சிங்லிங்குடன் சேர்ந்து, அரசியல் கைதிகளுக்காக மனித உரிமைக் கழகம் தொடங்கினார். ஆறு மாதத்தில் அதன் செயலாளரை ஷாங்காயில் சுட்டுக் கொன்றார்கள். சென் சிறையில் இருக்கும்போதே, அவருடைய கட்டுரைத் தொகுப்பின் மறுபதிப்புக்குச் சாய் முன்னுரை எழுதித் தந்தார். அவர் கடைசிவரை விடாத பதவி ஒன்றும் உண்டு. 1928இல் தொடங்கிய மத்திய ஆய்வுக் கழகத்தின் தலைமை, 1940 மார்ச்சில் ஹாங்காங்கில் இறக்கும்வரை அவரிடம்தான் இருந்தது.

அன்புடன்.