ஆவாரம்பூச் சாற்றை முகப்பூச்சில் சேர்க்கும் முன் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

"எங்கள் நிலத்தில் பூக்கும் ஆவாரம்பூவிலிருந்து சாறு எடுத்து முகப்பூச்சு தயாரித்து விற்க எண்ணியிருக்கிறேன். ஆய்வகம் ஒன்றில் ஆன்டிஆக்சிடன்ட் சோதனை செய்தபோது முடிவு மிக நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். இது போதுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. அழகுப் பொருள்களுக்கான தாவரச் சாறுகளைத் தயாரிக்கும் ஆய்வகத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். அந்த ஒரு சோதனை முடிவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பெட்டி அச்சடிக்கக் கிளம்பியவர்களை நிறையவே பார்த்திருப்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உங்களுக்குச் செய்து கொடுத்தது பெரும்பாலும் டிபிபிஹெச் சோதனையாகத்தான் இருக்கும். டிபிபிஹெச் என்ற ஊதா நிறப் பொருளை மெத்தனாலில் கரைத்து, சாற்றைக் கலந்து, அரைமணி நேரம் இருட்டில் வைத்த பின் நிறம் எவ்வளவு வெளிறியது என்பதை 517 நானோமீட்டர் அலைநீளத்தில் அளப்பார்கள்; அதிகம் வெளிறினால் ஆன்டிஆக்சிடன்ட் திறன் அதிகம் என்று பொருள். 1958 முதல் வழக்கில் உள்ள, செலவு குறைந்த, எளிய முறை இது. ஆனால் ஃபீனால் பொருள்கள் நிறைந்த எந்தத் தாவரமும் இதில் தேறிவிடும். உங்கள் வீட்டுத் தேயிலைக் கஷாயத்தைக் கொடுத்தாலும் நல்ல மதிப்பெண் வரும். சாறு தோலின் மேலடுக்கைக் கடந்து உள்ளே செல்லுமா, கிரீமில் கலந்து மூன்று மாதம் கழிந்த பின்னும் வீரியத்துடன் இருக்குமா, தோலை எரிக்காமல் இருக்குமா என்ற கேள்விகளுக்கு அந்தக் குப்பியில் விடை கிடையாது.

முதலில் செடியை உறுதி செய்யுங்கள். உங்கள் நிலத்துச் செடி என்பதால் உங்களுக்கு ஐயம் இருக்காது. ஆனால் தேவை கூடும்போது வெளியில் வாங்குவீர்கள், மஞ்சள் இதழ்கள் காய்ந்து சுருண்ட பின் ஆவாரையையும் அதன் இனத்தைச் சேர்ந்த பிற செடிகளையும் கண்ணால் பிரிப்பது கடினம். பூவும் இலையும் காயும் உள்ள ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென் மண்டல மையத்திலோ, திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரக் காப்பகத்திலோ காட்டிப் பெயரை உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்து, எந்தச் சாற்றை விற்கப் போகிறீர்களோ அதையே சோதியுங்கள். ஆய்வுக் கட்டுரைகளில் வரும் எண்களில் பெரும்பகுதி மெத்தனால் சாற்றுக்கு உரியவை. மெத்தனால் நச்சு என்பதால் முகத்தில் பூசும் பொருளுக்கு அதைக் கொண்டு சாறு எடுக்க மாட்டோம். எத்தனால் பயன்படுத்தலாம், அதற்கு ஆயத்தீர்வைத் துறையின் உரிமம் வேண்டும். ஆகவே சிறு தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் தண்ணீரும் கிளிசரினும் கலந்தே சாறு எடுக்கிறார்கள். கரைப்பான் மாறினால் சாற்றில் இறங்கும் பொருள்களும் மாறும். மெத்தனால் சாற்றின் எண்ணைக் கிளிசரின் சாற்றின் பெட்டியில் அச்சிடுவது வாங்குபவரை ஏமாற்றுவதாகும். பாத்திரமும் முக்கியம். ஒருமுறை ஒருவர் வீட்டில் காய்ச்சிய ஆவாரம்பூச் சாற்றை எங்களிடம் கொண்டுவந்தார். பொன்னிறமாக இருக்க வேண்டியது, எழுதும் மை போல் கருத்திருந்தது. பூ கெட்டுவிட்டதாக அவர் வருந்தினார். பூவில் குறை இல்லை. இரும்புச் சட்டியில் காய்ச்சியிருந்தார், பூவில் உள்ள டேனின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து கருத்துவிட்டது. துருப்பிடிக்காத எஃகு அல்லது கண்ணாடிப் பாத்திரத்தையே பயன்படுத்துங்கள்.

அந்த டேனின் இன்னொரு இடத்திலும் நம்மை ஏமாற்றும். ஆவாரம்பட்டையைக் கொண்டு நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகத் தோல் பதனிட்டார்கள். டேனின் புரதத்தைப் பற்றிக்கொள்வதால்தான் மாட்டுத்தோல் அழுகாமல் பதப்படுகிறது. பூவில் டேனின் பட்டையைவிடக் குறைவுதான், ஆனாலும் இருக்கிறது. 'முகத்தை வெளுக்கச் செய்யும்' என்ற உரிமைகோரலுக்காகச் செய்யும் டைரோசினேஸ் சோதனையில், தோலின் கருநிறமியை உருவாக்கும் டைரோசினேஸ் என்ற நொதியைச் சாறு அடக்குகிறதா என்று பார்ப்பார்கள். அந்த நொதியும் ஒரு புரதமே என்பதால், டேனின் அதையும் பற்றி முடக்கி, சாறு அபாரமாக வேலை செய்வது போன்ற தோற்றத்தைக் கொடுத்துவிடும். தவிர, அந்த நொதி காளானிலிருந்து எடுக்கப்படுவது. மனிதத் தோலில் உள்ளது வேறு, காளான் நொதியை அடக்குவதெல்லாம் அதை அடக்கிவிடுவதில்லை. இந்தச் சோதனையை நம்பி விளம்பரம் எழுதாதீர்கள் என்பதே என் கருத்து.

பயனைப் பற்றிய சோதனைகளைவிடத் தீங்கைப் பற்றிய சோதனைகளே முந்த வேண்டும். இதை நான் பாடநூலில் கற்றதைவிட வீட்டில் கற்றதே அதிகம். என் அக்கா மகள் தன் திருமணத்துக்கு இரு வாரம் முன்பு, நலங்கு மாவில் சேர்க்கும் கார்போகரிசியைத் தனியாக அரைத்துத் தயிரில் குழைத்து முன்கைகளில் பூசிக்கொண்டு, வடகம் காயவைத்த பாட்டிக்குத் துணையாக மொட்டை மாடி வெயிலில் ஒரு மணி நேரம் நின்றாள். அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் மாலை கை சிவந்து எரிந்தது. அதற்கடுத்த நாள், விரல்கள் இழுத்த தடம் எங்கெங்கு இருந்ததோ அங்கெல்லாம் கோடு கோடாகக் கொப்புளங்கள் எழுந்தன. பழுப்புத் தழும்பு மறையப் பல மாதங்கள் ஆயின. அந்த விதையில் உள்ள சோரலென், புற ஊதா ஏ கதிர் பட்டதும் தோலைச் சுடும். வெண்புள்ளி மருத்துவத்தில் அந்த விதை பயன்படுவதும் இந்த இயல்பால்தான். ஆவாரம்பூவுக்கு இப்படி ஒரு பெயர் கிடையாது. இருந்தாலும், வெயில் காயும் நாட்டில் முகத்தில் பூசும் எந்தச் சாற்றுக்கும் ஒளிநச்சுச் சோதனையை நான் தவிர்க்க மாட்டேன். வளர்ப்பு செல்களைச் சாற்றில் வைத்து, ஒரு தட்டைக் கதிரிலும் மற்றொன்றை இருட்டிலும் வைத்து ஒப்பிடும் முறை இது. எரிச்சலைச் சோதிக்க, ஆய்வகத்தில் வளர்த்த மனிதத் தோல் மாதிரிகள் உண்டு; சாறு பட்டபின் உயிரோடிருக்கும் செல்கள் பாதியாகவோ அதற்குக் கீழோ குறைந்தால் அது எரிச்சலூட்டி. 2014 முதல் நம் நாட்டில் அழகுப் பொருள்களை விலங்குகளின் மீது சோதிக்கத் தடை இருப்பதால், யாரேனும் முயல் சோதனை செய்து தருவதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும், கெட்டுப்போன கிரீமை ஒருவர் முகத்தில் பூசிவிட்டால் எல்லாம் வீண். தண்ணீரில் எடுத்த பூச்சாற்றில் சர்க்கரையும் இருக்கிறது, நுண்ணுயிரிகளுக்கு விருந்து அது. 'இயற்கைப் பொருள், கெடாமல் காக்கும் பதப்படுத்தும் பொருள் வேண்டாம்' என்று பலர் பெருமையாகச் சொல்வது எனக்கு உண்மையிலேயே அச்சம் தருகிறது. முடிந்த கிரீமில் சூடோமோனாஸ், ஸ்டெஃபிலோகாக்கஸ், ஈ. கோலை ஆகிய பாக்டீரியாக்களையும் கேண்டிடா, ஆஸ்பெர்ஜில்லஸ் ஆகிய பூஞ்சைகளையும் வேண்டுமென்றே விட்டு, 28 நாள்கள் வரை அவை எவ்வளவு மடிகின்றன என்று எண்ணும் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள்.

மனிதர்கள் மீதான ஒட்டுச் சோதனை கடைசியில், தோல் மருத்துவரின் மேற்பார்வையில் நடக்க வேண்டும். முதுகில் 48 மணி நேரம் ஒட்டிவைத்து எடுத்ததும் ஒருமுறை பார்ப்பதோடு நிறுத்தாமல், 72 அல்லது 96 மணி நேரத்தில் மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வாமை தாமதமாகவே தலைகாட்டும். விற்பனைக்கு 2020ஆம் ஆண்டின் அழகுப் பொருள் விதிகளின்படி தயாரிப்பு உரிமம் தேவை என்பதையும் மறவாதீர்கள்.

கையிருப்புக் குறைவு, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது என்றால், முதல் பணத்தை நுண்ணுயிர்ச் சோதனைக்கும் அடுத்ததை ஒளிநச்சு, எரிச்சல் சோதனைகளுக்கும் செலவிடுங்கள். டிபிபிஹெச் சோதனையை இன்னொரு முறை செய்ய வேண்டாம். அந்தத் தொகைக்கு, இதே சாற்றைக் கலந்த கிரீமை 40 டிகிரி வெப்பத்தில் மூன்று மாதம் வைத்து நிறமும் மணமும் அமிலத்தன்மையும் மாறுகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.